தனியாட்ட நிறைவும் சாட்சியின்மைச் சிக்கலும்: விம்பிள்டன் பொதுவெளியை முன்வைத்து ஓர் அளவையியல் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

வாரநாள் காலை ஒன்றில் தென்மேற்கு லண்டனில் ஒருவர் தனியாகக் கோல்ஃப் ஆடினார். ஆட்டம் நன்றாக அமைந்ததென்று கருதினார். அவர் கருதியது சரிதானா என்பதே இவ்வாய்வு எடுத்துக்கொண்ட சிக்கல். இதை இதுகாறும் எவரும் ஆராய்ந்திலர். ஆராயும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை என்பதே காரணம் என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? அக்காரணம் செல்லுமாயின் நம் பல்கலைக்கழகங்களில் பாதி ஆய்வறைகளைப் பூட்ட நேரும் ஆகலான்.

முதன்மைச் சான்று: ஸ்கோர் கார்டு ஒன்று, பென்சிலால் எழுதியது, தூறல் பட்டது. துணைமைச் சான்று: அதன் பின்பக்கம். நேர்காணல்: ஆய்வாளரும் ஆட்டக்காரரும் ஒருவரே ஆதலால் விரைவில் முடிந்தது; சில கேள்விகளுக்கு மட்டும் ஆட்டக்காரர் மழுப்பினார். கருதுகோள்: நிறைவு உண்டு. ஆய்வு எல்லை: 18 ஹோல்கள். கார் நிறுத்துமிடத்தில் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டவை சேரா.

தனியாட்டம் நால்வகைப்படும். துணை கிடைக்காமல் ஆடுவது, துணை வேண்டாமென்று ஆடுவது, வருகிறேன் என்ற துணை வராமல் ஆடுவது, துணைவியிடம் சொல்லாமல் ஆடுவது. முதல் மூன்றும் வெளிப்படை. நான்காவது பற்றிய தரவுகளை வெளியிட ஆய்வாளருக்கு உரிமையில்லை.

வரலாற்றுப் பின்னணி

பின்னணி இல்லாமல் ஆய்வு தொடங்கலாகாது என்பது மரபு. புறநானூற்றில் உப்பு என்று தலைப்பு வைத்தவரும் பூமி குளிர்ந்த காலத்திலிருந்துதான் புறப்படுகிறார். எனவே சுருக்கமாக: ஸ்காட்லாந்திலிருந்து வந்து அரியணை ஏறிய முதலாம் ஜேம்ஸ் காலத்தில், 1608இல், லண்டனின் பிளாக்ஹீத் மேட்டில் கோல்ஃப் தொடங்கியதாக அங்கிருந்து கிளைத்த ராயல் பிளாக்ஹீத் கிளப் சொல்லிக்கொள்கிறது. ஆதாரம் கேட்டால் மரபு என்கிறார்கள். 1829இல் கல்கத்தா, 1879இல் கொழும்பு, 1895இல் கொடைக்கானல் என்று கிளப்புகள் முளைத்தன. கொழும்புத் திடலை களனிவெளி ரயில் இன்றும் ஊடறுத்துப் போகிறது. சென்னையில் ஜிம்கானா கிளப்பின் திடல் கிண்டிக் குதிரைப் பந்தய வட்டத்துக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. ஆக, குறுக்கே ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்போது பந்தடிப்பது நம் பக்கத்து ஆட்டக்காரர்களுக்குப் புதிதன்று.

1608 என்ற ஆண்டைச் சிலர் ஐயுறுகின்றனர். நம்மவரோடு ஒப்பிட பிளாக்ஹீத்தார் அடக்கமானவர்கள். இறையனார் களவியலுரை மூன்று சங்கங்களுக்கும் முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள் என்று கணக்குத் தருகிறது. கூட்டினால் 9990. இன்னும் பத்தைப் போட்டுப் பத்தாயிரமாக்கி முடித்திருக்கலாம், உரைகாரர் போடவில்லை. ஸ்கோர் கார்டை நிரப்பும் எவருக்கும் இந்தக் கட்டுப்பாட்டின் அருமை விளங்கும்.

ஹோலின் குறுக்களவு 108 மில்லிமீட்டர், மொத்தம் 18 ஹோல்கள் என்று படித்த மாத்திரத்தில் நம் ஆய்வாளர் சிலருக்கு உடல் சிலிர்த்திருக்கும். 108 திருப்பதி, பதினெண் சித்தர், பதினெண்கீழ்க்கணக்கு, சபரிமலைப் படிகள் என்று அவர்கள் இந்நேரம் குறிப்பெடுக்கத் தொடங்கியிருப்பார்கள். அவர்களைத் தடுக்க வேண்டியிருக்கிறது. அளவை 1891இல் விதியாக்கியபோது நாலேகால் அங்குலம் என்றுதான் விதித்தார்கள்; மில்லிமீட்டர் பின்னால் வந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸில் 1764 வரை ஒரு சுற்றுக்கு 22 ஹோல்கள் இருந்தன. சில குட்டையாக இருந்ததால் இணைத்து 18 ஆக்கினார்கள். இவ்விளக்கம் அவர்களைத் தடுக்காது என்பதும் இவ்வாய்வாளருக்குத் தெரியும்.

செவ்வாடை

விம்பிள்டன் பொதுவெளியில் ஆடுபவர் எவராயினும் மேலாடை சிவப்பாக இருக்க வேண்டும். வெளிர்சிவப்போ மெரூனோ செல்லாது, இந்நாட்டுத் தபால்பெட்டியின் சிவப்பு. லண்டன் ஸ்காட்டிஷ் என்ற தொண்டர் படையினர் 1865இல் இங்கே கிளப் தொடங்கினார்கள். இடமோ பொதுமக்களுடையது. 1871இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அதைக் காப்பாளர் குழு ஒன்றிடம் ஒப்படைத்தது. நாயோடு நடப்பவர், குதிரையில் வருபவர், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வருபவர் எவரும் திடலுக்குக் குறுக்கே கடக்கலாம். ஆட்டக்காரர் நின்று வழிவிட வேண்டும். பந்து எந்தப் பக்கமிருந்து வரும் என்று அவர்கள் தெரிந்துகொள்வதற்கே இந்தச் சிவப்பு.

சிவப்பைக் கண்டதும் சேயோன் என்று பாய்வது ஆய்வாளர் இயல்பு. இவ்வாய்வாளர் பாயவில்லை. பாய்ந்தவர் வேறொருவர். எஃப்ரா ரோடு கணபதி கோயிலில் கும்பிட்டுவிட்டு, பஸ்ஸேறி நடக்க வந்த யாழ்ப்பாணத்துத் தம்பதி, காற்றாலைப் பக்கமிருந்து வந்தார்கள். அம்மையார் ஆட்டக்காரரைத் தலை முதல் கால்வரை பார்த்தார்.

“தம்பி, மருவத்தூருக்கு மாலை போட்டிருக்கிறியளோ?”

“இல்லைங்க ஆன்ட்டி. இங்கே கோல்ஃப் ஆடணும்னா சிவப்புதான் போடணும்.”

“அதுதான் பாத்தன், சப்பாத்தோட நிக்கிறியள்.”

நிறக் குறியீட்டியல் பற்றி வெளிவந்த எத்தனையோ கோட்பாட்டு நூல்களைவிட இவ்வொரு வாக்கியத்தில் தரவுச் சரிபார்ப்பு மிகுதி. முதலில் கருதுகோள், பிறகு அதற்கு முரணான சான்று, உடனே திருத்தம். அருகில் கைகட்டி நின்ற அங்கிள் ஒன்றும் பேசவில்லை. அவரை வாசகர் நினைவில் வைக்க.

தனியாளின் இருப்பு நிலை

2004இல் விதிநூல் திருத்தப்படும்வரை அதன் நடத்தைப் பகுதி ஒரு கொடிய கருத்தைச் சொல்லிவந்தது: திடலில் தனியாட்டக்காரருக்கு நிலை என்று ஒன்று கிடையாது, பின்னால் எந்தக் குழு வந்தாலும் அவர் ஒதுங்க வேண்டும். நடந்தாலும் அடித்தாலும் பந்தைத் தொலைத்தாலும் அவர் இல்லாதவரே. தொல்காப்பியர் கைக்கிளையை ஐந்திணைக்கு வெளியே நிறுத்தியதை இத்துடன் ஒப்பிடுக. இருவர் கூடினால்தான் ஐந்திணை, இருவர் ஆடினால்தான் ஆட்டம். 2004இல், குழு என்ற சொல் தனியாளையும் குறிக்கும் என்று திருத்தினார்கள். கைக்கிளைக்கு அப்படியொரு திருத்தம் இன்னும் வரவில்லை.

இருப்பு கிடைத்தது, நம்பகம் கிடைக்கவில்லை. 2020 நவம்பர் 2 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறை, 54 வரை ஹேண்டிகேப் தந்து எத்தனை மோசமான ஆட்டக்காரரையும் அரவணைக்கிறது. ஆனால் அவர் தனியாக ஆடிய ஸ்கோரை ஏற்காது. மார்க்கர் ஒருவர் சான்று தர வேண்டும். அமெரிக்காவில் 2016 முதலே தனியாட்டக் கணக்கை ஒதுக்கிவிட்டார்கள். அதாவது நாலு பேர் பார்க்க நீரில் அடித்த பந்து உண்மை. எவரும் பாராதபோது ஹோலில் விழுந்த பந்து வதந்தி.

பதினோராம் ஹோல்: மூலபாடம்

இனி இவ்வாய்வின் மையம். பதினோராம் ஹோலில் ஆட்டக்காரரின் இரண்டாம் அடி முட்புதருக்குள் போயிற்று. (தொலைந்த பந்தைத் தேட 2019க்கு முன் ஐந்து நிமிடம், இப்போது மூன்று. தேடுபவரும் கடிகாரம் பார்ப்பவரும் ஒருவரே ஆகும்போது மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்பது தனி ஆய்வுக்குரியது.) பந்து கிடைத்தது. மூன்றாம் அடியில் கிரீனின் ஓரம் சேர்ந்தது. நான்காம் அடியாகக் குழியை நோக்கி நீண்டதொரு பட்; உள்ளே. ‘பார்’, அதாவது ஹோலுக்கு விதித்த அடிக்கணக்கு.

பட்டின் நீளம் குறித்துப் பாடபேதம் உண்டு. இருபது அடி (கார்டு, முன்பக்கம், 11ஆம் கட்டத்தின் அருகே). முப்பது அடி (கார்டு, பின்பக்கம், இடது ஓரம், பென்சில் மழுங்கியபின் நகத்தால் கீறியது). நாற்பது அடி (வாய்மொழி மரபு, டூட்டிங், அன்று மாலை, காபியின்போது). பாடங்களில் எது கடினமானதோ அதுவே மூலமாகும் என்று பதிப்பியலார் கூறுவர். எளிதானதைக் கடினமாக்க எவரும் துணியார் என்பது அவர்கள் வாதம். அவ்விதிப்படி நாற்பது அடியே மூலபாடம் என்று துணிக.

பத்து அளவைகளால் நிறுவுதல்

பட் உள்ளே போனதை நிறுவ மார்க்கர் இல்லை. ஆகவே மணிமேகலையிடம் போக வேண்டியதாயிற்று. அந்நூலின் 27ஆம் காதையில் அளவைவாதி உண்மையை அறியும் வழிகள் பத்து என்கிறான். அந்தப் பத்தையும் ஒரு பட்டுக்குப் பயன்படுத்தியவர் இதற்கு முன் இலர்.

முதலாவது காண்டல். கண்ணால் கண்டவர் மூவர்: ஆட்டக்காரர், ஒரு காகம், யாரோ ஒருவரின் ஸ்பேனியல் நாய். முதல்வர் வழக்கில் தொடர்புடையவர். காகம் பறந்துவிட்டது. நாயின் சாட்சியம் பின்னர் ஆராயப்படும். காண்டல் ஐம்பொறிகளுக்கும் உரியதாகலான் செவியைக் கேட்கலாமே எனின், கேட்கலாம், 2019க்கு முன்பாயிருந்தால். பந்து குழியின் அடியில் விழும் ஓசை ஒன்று, கொடிக்கம்பில் மோதி விழும் ஓசை வேறு. கம்பை எடுக்காமலேயே பட் அடிக்கலாம் என்று 2019இல் விதியைத் தளர்த்தினார்கள். தனியாளுக்குக் கம்பைப் பிடித்து நிற்க ஆளில்லை, அவர் எடுக்கவில்லை. எனவே கேட்டது ‘டொக்’ என்பதா ‘டங்’ என்பதா என்பதில் ஆட்டக்காரருக்கே உறுதியில்லை. (கார்டு, பின்பக்கம்: ‘டொக்’, அதன்மேல் அடித்தல், அடித்தலின்மேல் மழைத்துளி.)

கருதல்: புகையால் நெருப்பை உணர்வது. குழிக்குள் பந்து இருந்தது, ஆகவே பட் விழுந்தது. குழிக்குள் பந்தைக் கையாலும் வைக்கலாம் என்பர் மறுப்பார். அவர்கள் வளர்ந்த சூழல் அப்படி.

உவமம்: தொலைக்காட்சியில் பார்த்ததைப் போலவே இருந்தது.

ஆகமம்: விதிநூல். 1744இல் லீத்தில் எழுதிய முதல் விதிகள் பதின்மூன்று. நிறைவு பற்றி அவற்றில் ஒன்றுமில்லை.

அருத்தாபத்தி. ஆயர்குடி கங்கையில் உள்ளது என்றால் கரையில் உள்ளது என்று கொள்வதாம் இது. முட்புதருக்குள் கிடந்தவர் நான்கு என்று எழுதியிருக்கிறார் என்றால், இடையில் நீண்ட பட் ஒன்று விழுந்திருக்க வேண்டும். அல்லது பொய் ஒன்று. இவ்வளவை இரண்டுக்கும் சமமாக உதவுகிறது; இத்தகைய அளவையை வைத்துக்கொண்டு முன்னோர் எப்படிக் காலம் தள்ளினர் என்பது தெரியவில்லை.

இயல்பு: யானைமேல் இருப்பவன் தோட்டி கேட்டால் அங்குசத்தைத்தான் கொடுப்பார்கள். பை சுமக்கும் கேடி இல்லாததால் ஆட்டக்காரர் எதையும் எவரிடமும் கேட்கவில்லை. தள்ளுக.

ஐதிகம்தான் ஆய்வாளரைக் கவர்ந்தது. இந்த மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் சொல்லக் கேட்டுத் தெளிவது. கோல்ஃபிலும் ஒரு பேய் உண்டு என்பதை அளவைவாதி அறிந்திருக்க நியாயமில்லை. 1890 வாக்கில், பிழையின்றி ஆடினால் ஒரு ஹோலுக்கு எத்தனை அடி என்று கவன்ட்ரியில் நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்கோடு மோதிய கிரேட் யார்மத் ஆட்டக்காரர்கள், அக்காலத்துப் பாட்டில் வந்த போகி என்ற பூச்சாண்டியின் பெயரை அதற்கு வைத்தார்கள். அது முதல் தனியாளுக்கும் எதிராளி உண்டு. கண்ணுக்குத் தெரியாதவன், தவறே செய்யாதவன். 1892இல் ராணுவ அதிகாரிகளின் கிளப் ஒன்றில் எல்லா உறுப்பினர்களுக்கும் பதவி இருந்ததால், பேயைப் பதவியில்லாமல் சேர்க்க முடியவில்லை, கர்னல் ஆக்கினார்கள். பேய்க்குப் பதவி உயர்வு தந்த வரலாறு உலகில் வேறு எங்கும் உண்டோ எனின், துணைவேந்தர் நியமனங்களை ஆராய்ந்தபின் விடை கூறலாம். நிற்க. அன்று பதினோராம் ஹோலில் கர்னல் தோற்றார். அவர் ஒருவரே முறையான சாட்சி. அவரும் கையெழுத்திட மாட்டார்.

அபாவம்: இன்மையால் அறிவது. கைதட்டல் இல்லை. இன்மை நிறுவப்பட்டது, வேறொன்றும் நிறுவப்படவில்லை.

மீட்சி: இராமன் வென்றான் என்றால் இராவணன் தோற்றான் என்று தெளிதல். தனியாட்டத்தில் வென்றவரும் தோற்றவரும் ஒருவரே. இந்த அளவையைத் தொடர்ந்து சிந்தித்த ஆட்டக்காரர் பன்னிரண்டாம் ஹோலில் பந்தை மரங்களுக்குள் அடித்தார்.

பத்தாவது சம்பவம்: இரும்பு அசைவதைக் கண்டு காந்தம் இருப்பதாகக் கூறுதல். ஆட்டக்காரர் வீடு திரும்பியபோது கேட்காமலேயே பாத்திரம் தேய்த்தார். ஏதோ நடந்திருக்கிறது என்று வீட்டார் தெளிந்தனர். பத்தனுள் இதுவே வலியது.

இனி, அதே காதை பிழைபட்ட அறிவு எட்டு என்றும் வகுக்கிறது. எட்டாவது, நினைப்பு. இதற்கு உரை வேறுபாடு உண்டு. ஆட்டக்காரர் தம் மனத்துள், ‘நினைவு கூர்தல்’ என்று உரை கொண்டார். அவ்வுரையை வீட்டம்மா மறுத்து, ‘ஆசையை நடந்ததாக எண்ணுதல்’ என்று விளக்கினார். அவ்விளக்கத்துக்கு அவர் தாயார் மதுரையிலிருந்து தொலைபேசியில் அருளிய குறிப்புரை: ‘நெனப்புதான் பொழப்பக் கெடுக்கும்’ (ஒலிபெருக்கியில் போட்டிருந்ததை அறியாமல் கூறியது, இடையில் குக்கர் விசில் மூன்று, விசிலுக்குப் பின் மீண்டும் கூறியது, சொல் மாறவில்லை, ஆதலால் பாடம் தூயது).

மெய்ப்பாடுகள்

எட்டும் 18 ஹோல்களுக்குள் வந்துபோகின்றன. விரிப்பிற் பெருகும்.

சாட்சியைத் தேடுதல்

பட் விழுந்ததும் ஆட்டக்காரர் திரும்பிப் பார்த்தார். அதே தம்பதி கிரீனுக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தார்கள். விரைந்து சென்றார்.

“ஆன்ட்டி, இப்ப நான் அடிச்சதைப் பார்த்தீங்களா?”

“இல்லைத் தம்பி. நாங்கள் அந்த நாயைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். நல்ல நாய்.”

நாயின் சாட்சியம் பற்றி முன்னர்க் கூறப்பட்டது. நாயைப் பார்த்தவர்களின் சாட்சியம் இப்போது கிடைத்திருக்கிறது. நாய் எதைப் பார்த்தது என்பது மட்டும் கிடைக்கவில்லை.

ஆட்டக்காரர் மனம் தளராமல் கார்டை அங்கிளிடம் நீட்டி, மார்க்கர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். சும்மா, ஒரு ஞாபகத்துக்கு. அங்கிள் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டினார். முன்பக்கம் முழுவதும் படித்தார். பின்பக்கத்தைத் திருப்பி, திடலுக்குரிய தனி விதிகளை ஒன்று விடாமல் படித்தார். ஒன்பது ஹோல் கூட்டலை விரலால் சரிபார்த்தார். ஓர் எண்ணிக்கை குறைவாக இருந்ததைச் சுட்டினார். பிறகு கார்டை மடக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

“தம்பி, நான் அரசாங்கக் கச்சேரியில வேலை செய்தனான். காணாததுக்குக் கையெழுத்து வைக்கேலாது. குறை நினைக்காதேங்கோ.”

இவ்வாய்வாளர் வாழ்நாளில் எழுதிய எதையும் கையெழுத்திடுமுன் முழுதும் படித்தவர் இவர் ஒருவரே. நெறியாளர் பெருமக்கள் பலர், இயல் பகுப்பைப் புரட்டிப் பார்ப்பதற்குள் பேனாவின் மூடியைக் கழற்றிவிடுகின்றனர். வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளர் ரயில் நேரத்தைப் பார்த்தபடியே முனைவர் என்று விளிக்கத் தொடங்கிவிடுகிறார். அங்கிளைத் தேர்வுக் குழுவில் போட்டால் தமிழாய்வு ஒரு தலைமுறைக்கு நின்றுபோகும், எனவே பரிந்துரைக்கவில்லை.

வெளியீடு

இக்கட்டுரை பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பப்பட்டது. பெயர் வேண்டாம். லண்டனிலிருந்து ஒருவர் எழுதுகிறார் என்பதே அவ்விதழைப் பன்னாட்டினதாக்கப் போதுமானது என்று ஆசிரியர் மகிழ்ச்சி தெரிவித்திருந்தார். வல்லுநர் குழு கட்டுரையைக் கூர்ந்து ஆராய்ந்து ஏற்றுக்கொண்டதாகவும், ஐ.எஸ்.எஸ்.என். எண்ணோடு வெளியிடக் கட்டணம் இவ்வளவு என்றும், இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கட்டினால் சிறந்த ஆய்வாளர் விருதும் சால்வையும் கிடைக்கும் என்றும், சால்வையைக் கடல்கடந்து அனுப்பும் செலவு தனி என்றும் கண்டிருந்தது. மறுப்போ திருத்தமோ எதுவுமில்லை. பணம் கட்டிய அன்றே மின்னஞ்சலில் சான்றிதழ் வந்தது. ‘சங்க இலக்கியத்தில் நீர் மேலாண்மை’ என்ற கட்டுரையைச் சிறப்பாக வழங்கியமைக்காக என்று அதில் அச்சாகியிருக்கிறது. கீழே ஆசிரியர், வல்லுநர் குழுத் தலைவர், ஒருங்கிணைப்பாளர் என்று மூன்று கையெழுத்துகள். மூன்றும் மிகத் தெளிவு.